ஆளில்லாத பெரிய குடும்பம்

"உதாரணம், உதாரணம்னு நச்சரிக்க நீ என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா? தேற்றத்தைப் படி."

என் கொழுந்தன் அந்தப் பெண்மேல் இப்படி எரிந்து விழுந்தது எங்கள் வீட்டில், அவன் அறையில்தான். அவனிடம் ஆராய்ச்சி செய்கிறவள். அறையில் இருந்தது ஒரே நாற்காலி; அதில் அவன் உட்கார்ந்திருப்பான், அவள் மணிக்கணக்காக நிற்பாள். ஒன்றே ஒன்று காட்டுங்கள் சார் என்று இழுத்தவள், அதற்குப் பிறகு உதாரணம் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

கொழுந்தன் கல்லூரியில் கணக்கு வாத்தியார். கல்யாணமே வேண்டாம் என்றவன். என் வீட்டுக்காரர் போன பிறகும் என் சமையலைக் குறை சொல்லிக்கொண்டு இங்கேயே காலம் தள்ளுகிறான். என்னதான் செய்கிறாய் என்றால் அல்ஜீப்ரா என்பான். தனக்கென்று ஒரு பெருக்கல் விதி வைத்திருக்கிற சின்ன உலகமாம் அது. அதைக் கட்டம் கட்டமாக எண்களில் எழுதிக் காட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார்களாம். விதியில் ஓர் எண்ணை மாற்ற மாற்ற வேறு வேறு அல்ஜீப்ரா வரும். எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். இவன் இன்னும் இரண்டு எண்களை நுழைத்து, பழையதையும் உள்ளே அடக்கிய பெரிய குடும்பம் ஒன்றைக் கண்டுபிடித்தான். அதைப் பற்றித் தேற்றம்மேல் தேற்றம். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெண்ணின் பட்டமும் அதை நம்பித்தான் நின்றது.

அவளைத் திட்டிச் சில மாதம் இருக்கும். மறுநாள் கணக்கு வாத்தியார்கள் கூட்டம் ஒன்றில் அவன் பேசவேண்டியிருந்தது. அழகுக்கு ஓர் உதாரணம் போடலாம் என்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான். மூன்றைப் பெருக்கும்போது முதல் இரண்டை முன்னால் பெருக்கினாலும், கடைசி இரண்டை முன்னால் பெருக்கினாலும் ஒரே விடை வரவேண்டுமாம். வரவில்லை. அவன் நுழைத்த எண்கள் பூஜ்யமாக இருந்தால் வரும். ஆனால் அது பழைய குடும்பம். பூஜ்யமில்லாமல் ஒரே விடையை வரவழைக்கப் பார்த்தால் அல்ஜீப்ராவே சுருண்டு பூஜ்யமாகிவிடும்.

"தேற்றமெல்லாம் சரிதான் அண்ணி. புதுசா ஒரு ஆள்கூட அந்தக் குடும்பத்துல இல்ல."

சாப்பாடு ஆறிப்போனது. கழுவின டம்ளரையே திரும்பக் கழுவினான். ஃபோன் அடித்தது, அந்தப் பெண். தான் இல்லையென்று சொல்லச் சொல்லி எனக்குக் கையைக் காட்டினான்.

"ஒளிஞ்சுக்கணும்னா அலமாரியில இடம் இருக்கு, போ" என்று சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டு அவன் முன்னால் வைத்தேன்.

திக்கித் திணறிச் சொல்லி முடித்தான்.

"நான் போட்டுப் பாத்துட்டுத்தான் சார் அன்னிக்குக் கேட்டேன். நீங்க திட்டினதும் நான்தான் தப்பாப் போட்டேன்னு நெனச்சு, இன்னிக்கு வரைக்கும் திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே இருக்கேன்."

அவன் முகம் பார்க்கிற மாதிரி இல்லை. அடுத்த வாரம் வாம்மா, பழைய குடும்பத்திலேயே உனக்கு ஒன்றை எடுத்துத் தொடங்குவோம் என்று தரையைப் பார்த்தே சொன்னான்.

மறுநாள் கூட்டத்தில் எழுந்து, தன் குடும்பம் காலி என்றும், முதலில் கண்டுபிடித்தது தன் மாணவி என்றும் சொல்லிவிட்டு வந்தான். சிரித்தார்களா என்று கேட்டேன். பின்வரிசையில் சிரித்தார்களாம்.

திரும்பும்போது கைவைத்த நாற்காலி ஒன்றை வாங்கித் தானே தூக்கிக்கொண்டு வந்தான். அது அவளுக்கு, ஆடுகிற பழையது தனக்கு. அன்றைக்கு இருந்த கூச்சத்தில் கடைக்காரனிடம் பேரம்கூடப் பேசவில்லையாம். ஐந்நூறு பெறாத சாமானுக்கு எண்ணூற்றைம்பது கொடுத்திருக்கிறான்.