கம்ப்யூட்டருக்குத் தைத்த தோல் உறை

ஸ்விட்சை எத்தனை தடவை அழுத்தினேன் என்று தெரியவில்லை. விளக்கு எரியவில்லை, உள்ளே விசிறி முனகக்கூட இல்லை. ஒயரை மாற்றினேன். அதே பிளக் பாயிண்டில் டேபிள் ஃபேனைச் செருகினால் ஜோராகச் சுற்றியது. ஆத்திரத்தில் பெட்டியை ஓங்கி ஓர் அடி அடித்தேன். நான்கு வருடம் அதைத் தொடாமல் போட்டுவைத்த என்னை அடிக்கத்தான் ஆளில்லை.

ஆம்பூரில், ஷூவுக்கு அளவு வரைந்து வெட்டும் பேட்டர்ன் மாஸ்டராக நான் இருந்த ஷூ கம்பெனி, பழசென்று கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் அது. வீட்டில் வைத்து நான் செய்த ஒரே உருப்படியான வேலை, என் மனைவியின் செருப்புக்கு அளவு கண்டுபிடித்தது. சர்க்கரை வியாதியில் அவள் பாதங்கள் மரத்துவிட்டன. செருப்பு எங்கே கடிக்கிறது என்று அவளால் சொல்ல முடியாது. புண் வந்தால்தான் எனக்கே தெரியும். அந்த இடத்தில் அளவைத் திருத்துவேன், புண் ஆறியதும் மறுபடி போடச் சொல்வேன். ஏழு புண்ணுக்குப் பிறகுதான் கடிக்காத அளவு கிடைத்தது. அது இந்தப் பெட்டிக்குள் மட்டும் இருக்கிறது. இப்போது அவள் செருப்பு பிய்ந்துவிட்டது. பிரித்து அளவெடுக்கலாம் என்றால், தேய்ந்து தொய்ந்த செருப்பு பொய்யளவுதான் சொல்லும்.

ரிப்பேர் கடை பாய் வீட்டுக்கு வந்து பவர் சப்ளையை மாற்றினார். அசையவில்லை. போர்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். செம்பெல்லாம் பச்சை பூத்து அரித்திருந்தது. ஹார்ட் டிஸ்க்கின் அடியிலும் அதே பச்சை.

"இதும் மேல இன்னாண்ணே போட்டு மூடி வெச்சிருந்தீங்க?"

உறையைக் காட்டினேன். தூசி படக்கூடாதென்று, கம்பெனியில் மீந்த தோலில் நானே இரட்டைத் தையல் போட்டுத் தைத்தது. மழைக்காலத்தில் தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்டபோது சேர்ந்த அமிலம் மெல்லக் கசியும். தோல் பட்ட பித்தளை பக்கிள்கள் பச்சையாகி ஒரு லாட் ஷூ முழுக்கத் திரும்பி வந்ததைப் பார்த்தவன் நான். எனக்கா தெரியாது? என் தையலின் அழகில் மயங்கிவிட்டேன்.

"டிஸ்க்க மெட்ராஸுக்கு அனுப்பலாமா பாய்?"

"அனுப்பலாம்ண்ணே. ஆனா நம்பிக்க வெச்சிக்காதீங்க. ஜாஸ்தி அரிச்சிட்டுக்கீது."

அவர் போன பிறகு உறையை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். மனைவி சுவரைப் பிடித்தபடி வந்து, பேட்டர்ன் வெட்டும் அட்டை ஒன்றைத் தரையில் போட்டாள். அதன்மேல் வலது பாதத்தை வைத்தாள்.

"மறுபடியும் வரைஞ்சிக்கோங்க. எனக்கு இன்னா, வலிக்கவா போவுது?"

பென்சிலை எடுத்து வரையத் தொடங்கினேன். கண்ணீரில் கோடு மறைந்து, முனை அவள் சுண்டுவிரலில் குத்திவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.