ஏரியைப் பார்த்த சமையலறை

செங்கல்பட்டுப் பக்கம் ஏரிக்கரையில் ஒரு வார இறுதி வீடு. நான் தனியாகப் பொறுப்பேற்ற முதல் வேலை அது. முதல் சந்திப்பிலேயே கிளையன்ட் குமரேசன் என் பிளானைத் திருப்பித் தள்ளினார்.

அவர் ஊரப்பாக்கத்தில் லாரிகள் வைத்திருப்பவர். அப்பா, மனைவி, தம்பி, தம்பி மனைவி செல்வி, பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகத் தங்க வேண்டும். ஏரி கிழக்கே. அந்தப் பக்கம் இடம் குறுகல், எல்லா அறையும் அடங்காது. அங்கே சமையலறையையும் ஹாலையும் ஒரே நீள அறையாக வைத்து, பெட்ரூம்களைப் பின்னால் போட்டிருந்தேன்.

"பெட்ரூம்லேர்ந்து ஏரி தெரியலேன்னா இன்னாத்துக்கும்மா ஏரிக்கர வூடு? கிச்சன பின்னால தள்ளு."

"பெட்ரூம்ல கண்ண மூடிகினுதான சார் இருப்பீங்க?"

தம்பி சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கெழமைக்குள்ள அவர் ஓகே பண்ணலேன்னா வேலைய சீனியருக்குக் குடுத்துடுவேன்" என்று ஆபீஸ் திரும்பியதும் சொன்னார் எங்கள் ஆர்க்கிடெக்ட் மேடம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காலேஜில் வரைந்த பிளானை அம்மாவுக்கு வாசலில் கோலமாவால் போட்டுக் காட்டுவேன். கோட்டுக்குள் நடந்து பார்த்து, "இங்க அடுப்பு வச்சா எங்கடி நிக்கறது?" என்று கேட்பாள். காகிதத்தில் எனக்கே தெரியாதது அப்போது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தையே சாப்பாட்டோடு சைட்டுக்கு வரச் சொன்னேன். டேப் பிடித்து, சுண்ணாம்புத் தூளால் முழு அளவில் கோடு கோடாகத் தரையில் வரைந்தேன். என் பிளானை அல்ல, குமரேசன் கேட்ட பிளானை. அறைக்கு அறை நாற்காலி. பிரியாணி அண்டாவும் செல்வியும் பின்பக்கச் சமையலறையில்.

"இதான் சார் உங்க வூடு. கோட்டத் தாண்டாம அவங்கவங்க ரூம்ல உக்காருங்க."

கொஞ்ச நேரம் மற்ற எல்லோரும் ஏரியைப் பார்த்தார்கள். பிறகு குமரேசன் திரும்பாமலே குரல் கொடுத்தார்: "செல்வி, தண்ணி கொண்டாம்மா!"

"நடுவுல செவுரு கீது மாமா, காது கேக்கல! ஏரியத்தான பாத்துகினு கீறீங்க, அதுலயே மொண்டு குடிங்க!"

குமரேசனின் அப்பா எழுந்து, நாற்காலியை இழுத்துக்கொண்டு அண்டா பக்கம் போனார்.

"இன்னா நைனா, ஏரி தெரியற ரூம வுட்டுட்டுப் போற?"

"அங்க ஏரி மட்டும்தான்டா கீது."

பிள்ளைகள் போனார்கள், தம்பி போனார். கடைசியில் குமரேசனும் கோட்டைத் தாண்டினார். எல்லோரும் அண்டாவைச் சுற்றி உட்கார்ந்தபோது எதிரே வெறும் காம்பவுண்டு சுவர்.

நான் ஏரிப் பக்கம் என் நீள அறைக்குக் கோடு போட்டு, "அண்டாவ இங்க தூக்கியாங்க" என்றேன். அங்கேதான் சாப்பிட்டார்கள்.

கை கழுவியபடி குமரேசன் கேட்டார்: "வாஸ்து?"

"கிச்சன் அக்னி மூலையிலயேதான் சார்."

"விவரமாத்தான் கீற" என்று கையெழுத்துப் போட்டார்.

இப்போது எனக்குக் கீழே வேலை பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எந்த அறையிலிருந்து என்ன தெரியும் என்று வரைவதற்கு முன், சாப்பாடு எங்கே இருக்கும் என்று பாருங்கள். குடும்பம் அங்கேதான் இருக்கும். நல்ல காட்சியை அந்த இடத்துக்குக் கொடுங்கள்.