முகப்பில் முருகன், அடியில் போன் நம்பர்

1. ஒரு கால்கூட வரவில்லை

"மேடம், சைட்டு பார்க்க லட்சணமா இருக்கு. ஆனா ஒரு மாசமா ஒரு கால்கூட வரலையே" என்று பாஸ்கர் சார் போனில் சொன்னபோது நான் மந்தைவெளி மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

பாஸ்கர் சாருக்கு ஆழ்வார்பேட்டையில் கடை. நோயாளிகளுக்கான கட்டில், வீல்சேர், வாக்கர் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிறார். அவருடைய வெப்சைட்தான் நான் செய்த முதல் வேலை. ஆட்கள் வந்து பார்க்கிறார்கள், பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை வரை பார்ப்பதாகவும், அதற்குள் சரியாகவில்லை என்றால் கிண்டியில் ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிடப் போவதாகவும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

நான் பிளஸ் டூ வரை படித்தவள். தி. நகரில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையில் பதினெட்டு வருஷம், கம்ப்யூட்டரில் பத்திரிகை அமைக்கிற டிடிபி வேலை பார்த்தேன். எல்லாரும் வாட்ஸ்அப்பிலேயே பத்திரிகை அனுப்ப ஆரம்பித்ததும் கடையில் மூன்று பேரை நிறுத்தினார்கள். அதில் நானும் ஒருத்தி. மகளுடைய பழைய லேப்டாப்பில், யூடியூப் வீடியோ பார்த்து எட்டு மாதம் இந்தத் தொழிலைக் கற்றேன். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று கேட்ட வீட்டுக்காரர்கூட பாஸ்கர் சார் வேலை கிடைத்ததும் வாயை மூடிக்கொண்டார். அந்த ஒரு வேலையும் போனால் இரண்டாவது வேலையை எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

2. கைகூப்பின பொம்மைகள்

நான் கருத்துக் கேட்காமல் இல்லை. முகப்பில் பெரிய முருகன் படத்தோடு சைட் முடிந்த அன்றே சொந்தக்காரர்கள் குரூப், பழைய கடைக்காரர்கள் குரூப், வெள்ளிக்கிழமை பஜனை குரூப், மூன்றிலும் லிங்க் போட்டு, "எப்படி இருக்கிறது, குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்" என்று எழுதினேன். வந்ததெல்லாம் கைகூப்பின பொம்மைதான். அண்ணி, "முருகா சரணம்" என்று போட்டிருந்தாள். பஜனை மாமி ஒருவர், காலையில் எழுந்ததும் திறந்து தரிசனம் பண்ணுகிறேன் என்று குரல் பதிவே அனுப்பினார். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

வெப்சைட் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. அங்கேயும் போட்டிருந்தேன். முகம் தெரியாத ஒரு தம்பி மட்டும் பதில் எழுதியிருந்தார்: "அக்கா, இது கோயில் சைட்டா, கடை சைட்டா? முதல் ஸ்க்ரீனில் எனக்குத் தெரியவில்லை." படித்ததும் சுருக்கென்றது. சாமி நம்பிக்கை இல்லாத பிள்ளை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "நன்றி" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு விட்டுவிட்டேன். கேட்டது நான். கிடைத்ததை வாங்காமல் போனதும் நான்தான்.

3. பூக்கடையில்

பாஸ்கர் சார் பேசிய மறுநாள் வெள்ளிக்கிழமை. மயிலாப்பூர் கோயிலுக்குப் போகும்போது மாட வீதியில் கஸ்தூரியிடம் பூ வாங்குவது வழக்கம். என் வயசுக்காரி. அன்றைக்கு முகம் வாடியிருந்தாள். வீட்டுக்காரர் சைதாப்பேட்டையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து காலை முறித்துக்கொண்டாராம். வீல்சேர் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்.

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. அவள் கஷ்டத்தில் நான் சந்தோஷப்பட்டதை முருகன் மன்னிக்க வேண்டும். நான் செய்தது என்று சொல்லாமல், வாடகைக்குக் கொடுக்கிற கடை ஒன்று இருக்கிறது என்று சைட்டைத் திறந்து போனை அவள் கையில் கொடுத்தேன்.

கஸ்தூரி ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். ஸ்க்ரீன் முழுக்க முருகன் மெதுவாகத் தோன்றினார். அந்த எஃபெக்டுக்காக நான் நான்கு நாள் உழைத்திருந்தேன். அவள் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, போனைத் திருப்பி என்னிடமே கொடுத்துவிட்டாள்.

"கும்டுகினேன். வீல்சேரு எங்கக்கா கீது?"

கீழே தள்ளிப் பார்க்கச் சொன்னேன். தள்ளினாள். "வேலும் மயிலும் துணை" வந்தது. பிறகு "அன்புடையீர்" என்று ஆரம்பித்து ஒரு பத்தி. அப்புறம் கட்டில் படங்கள். கடைசியில் வலது மூலையில் "இங்ஙனம், பாஸ்கர்". அதற்கும் கீழே பொடி எழுத்தில் போன் நம்பர். அவள் நம்பரை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. நம்பரையும் படத்தோடு படமாகச் சேர்த்திருந்தேன், அழுத்தினால் எப்படிக் கால் போகும்?

பதினெட்டு வருஷப் பழக்கம் கையில் அப்படியே இருந்திருக்கிறது. நான் செய்தது வெப்சைட்டே இல்லை, கல்யாணப் பத்திரிகை. பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாக மேலிருந்து கீழே படிப்பார்கள். ஆஸ்பத்திரியில் சாயங்காலம் டிஸ்சார்ஜ் என்று சொல்லிவிட்ட பிறகு கட்டில் தேடுகிறவருக்கு அந்த நிதானம் ஏது?

அது நான் செய்தது என்று அப்போதுதான் சொன்னேன். கஸ்தூரி கொஞ்சமும் சங்கடப்படவில்லை. நம்பரை மேலே வைக்கச் சொன்னாள். சாமியை எப்படிக் கீழே இறக்குவது, தோஷமில்லையா என்று கேட்டேன்.

"இன்னாக்கா பேசற? கோயிலுக்குள்ள பூந்ததும் சாமியா நிக்குது? மொதல்ல செருப்பு வுட்ற எடம். அப்பால என்னிய மாதிரி பூக்காரி. எல்லாம் தாண்டி உள்ளாற போய்த்தான் சாமி. வாசல்லயே நிறுத்தி வெச்சா, வர்ற ஜனம் எப்டிப் போவும்?"

பூவை வாங்கிக்கொண்டு நடந்தேன். உள்ளே போய்க் கும்பிடும்போதும் அதே நினைப்புதான்.

4. செவ்வாய்க்கிழமை

சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து பிரித்துக் கட்டினேன். மேலே "கட்டில், வீல்சேர் வாடகைக்கு" என்று ஒரு வரி. அதன் கீழே சிவப்பு பட்டன், தொட்டால் நேராகக் கடைக்குக் கால். "அன்புடையீர்" போயிற்று. "இங்ஙனம்" போயிற்று. முருகனைக் கடைசியில் சின்னதாக வைத்து, மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை மறுபடி கஸ்தூரியிடம் கொடுத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பார்த்தாள், பட்டனைத் தொட்டாள், போனைக் காதில் வைத்தாள். "அலோ, வீல்சேரு கீதா சார்?" என்று அவள் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாலையே வீல்சேர் வண்டி அவள் வீட்டுக்கு வந்துவிட்டதாம்.

மறுநாள் பாஸ்கர் சார் கூப்பிட்டார். முந்தின நாள் மயிலாப்பூரிலிருந்து ஒரு கால் வந்ததாகவும், அன்று மதியத்துக்குள் அடையாறிலிருந்து இரண்டு பேர் பேசியதாகவும் சொன்னார். மயிலாப்பூர் கால் என் எதிரில், என் போனிலிருந்து பண்ணியது என்று மறைக்காமல் சொன்னேன். சிரித்தார்.

"அதையும் கணக்குல வெச்சுக்கலாம் மேடம். வண்டி போயிருக்குல்ல. கிண்டிக்காரங்களுக்கு வேணாம்னு சொல்லிட்டேன்."

இணையக் குழுவில் அந்தத் தம்பியைத் தேடிப் பிடித்து, நீங்கள் சொன்னது சரி, அன்று தப்பாக நினைத்துவிட்டேன், மன்னிக்கணும் என்று எழுதி புது லிங்க்கை அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. மன்னிப்பைப் பற்றி ஒன்றும் இல்லை. "பட்டன் இன்னும் கொஞ்சம் பெரிசா வைங்கக்கா. வயசானவங்க விரல் பக்கத்துல படுது." உடனே பெரிதாக்கினேன்.

இப்போது பத்துப் பன்னிரண்டு கடைகளுக்குச் செய்துவிட்டேன். புதிதாகக் கற்கிறவர்கள் எனக்கு லிங்க் அனுப்பி எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எப்படி இருக்கிறது என்று யாரையும் கேட்காதீர்கள். நம் மேல் பிரியம் உள்ளவர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. முன்பின் பழக்கமில்லாத ஒருவர் கையில் போனைக் கொடுத்து, இதில் இன்னது வேண்டும், எடுங்கள் என்று சொல்லுங்கள். பிறகு பேசாமல் நில்லுங்கள். அந்த நிமிஷம் அவர் விரல் தப்பான இடத்தில் தடவும். இங்கே, மேலே, அதோ என்று சொல்ல நாக்கு துடிக்கும். நான் அப்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மனசுக்குள் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அவர் தேடி எடுக்கும்வரை என் வாயை மூடி வைப்பது அந்தப் பெயர்தான்.