அருவியில் நான் நின்ற கூடுதல் நிமிடங்கள்

நீர்வரத்து கூடியதால் குற்றாலம் பேரருவியில் இன்று மாலை நான்கு மணி முதல் குளிக்கத் தடை. பணியில் இருந்த காவலர் உறுதிப்படுத்தினார்.

அவர் விசில் அடித்தபோது நான் அருவிக்கு அடியில் நின்றிருந்தேன். "போதும், அடுத்த ஆளுக்கு வழி விடுங்க" என்று அதற்கு முன்பே இரண்டு முறை சொல்லியிருந்தார். "இன்னும் ஒரு நிமிஷம்" என்றோம், நானும் பக்கத்தில் நின்றவர்களும்.

வெளியே வரிசையில் முதல் ஆளாக ஓர் அண்ணாச்சி, உடம்பெல்லாம் எண்ணெயோடு, மச்சினன் தோளைப் பிடித்து நின்றிருந்தார். வாசுதேவநல்லூர்க்காரர்.

"நல்லா குளிச்சீங்களா சார்?" என்றான் மச்சினன். "நாளைக்கு அத்தான மதுரையில சேக்கணும். வலது கால எடுக்கப்போறாங்க. ரெண்டு காலோட ஒருதடவ அருவியில நிக்கணும்னாரு."

"விடுலே" என்றார் அண்ணாச்சி. "தண்ணிக்குள்ள நின்னா யாருக்குத்தான் வெளிய வர மனசு வரும்?"

முப்பது வருடமாக மற்றவர்களின் பேராசையைச் செய்தியாக்கியவன் நான். குளிப்பது எத்தனையாவது நிமிடத்தில் பேராசை ஆகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தடை நீங்குமா என்பதை நாளை காலை ஏழு மணிக்கு நீர்வரத்தைப் பார்த்துச் சொல்வார்களாம்.

அண்ணாச்சிக்கு மதுரை பஸ் அதிகாலை ஐந்து மணிக்கு.