இரவல் போன பால்மாவு டின்

எச்சில் கையால் காக்கை ஓட்டமாட்டார் என்று என் பெரியம்மாவுக்கு எங்கள் தெருவில் நல்ல பெயர் உண்டு. அப்படிப்பட்டவர் அமெரிக்காவுக்குச் சீரகச் சம்பா அரிசி அனுப்பப் பார்த்தார் என்றால் காரைக்காலில் இன்றும் யாரும் நம்பமாட்டார்கள்.

எங்கள் வீட்டு அடுப்படியில் அவர் அரிசி போட்டு வைக்கும் பழைய தகர டின் ஒன்று இருந்தது. அமெரிக்கா ஒரு காலத்தில் நம் பள்ளிக்கூடங்களுக்கு இலவசமாக அனுப்பிய பால்மாவு வந்த டின். அதன் மேல் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம். தங்கள் நாட்டு வரலாற்றைச் சொல்லும் கண்காட்சி ஒன்றில் வைக்க, அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்று அதை இரவல் கேட்டது. அங்கே வேலை பார்க்கும் மாமா எடுத்துப்போன போட்டோவால் வந்த வினை. வாப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை; தலத்தெரு வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

டின்னை வாங்கிப்போகச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். கையுறை மாட்டிக்கொண்டு, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கியவர், கனம் தாங்காமல் கீழே வைத்தார். திறந்து பார்த்தால் கழுத்து வரை சீரகச் சம்பா. பெருநாளுக்கென்று பெரியம்மா பூட்டி வைத்திருந்த அரிசி.

"காலியாத்தாம்மா கொண்டுபோகணும்" என்றார் அவர்.

"பாத்திரத்த வெறுமனா அனுப்புறதா? அது நம்ம வழக்கமில்லையே, தம்பி."

வழக்கமில்லைதான். நோன்புக் கஞ்சி வந்த கிண்ணத்தைக்கூட நாங்கள் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் திருப்பிக் கொடுப்போம்.

"லாத்தா, அவங்க சும்மா பாக்க வைக்கத்தானே கேக்குறாங்க" என்று உம்மா அக்காவைச் சமாதானப்படுத்தப் பார்த்தார்.

"பூச்சி வந்துரும்னு தானியத்தை விடமாட்டாங்கம்மா" என்றார் வந்தவர்.

"பொடச்சு, காய வச்சு போட்டிருக்கேன். ஒரு பிடியாச்சும் இருக்கட்டுங்க."

'தம்பி' போய் 'ங்க' வந்துவிட்டதை நான் கவனித்தேன். பெரியம்மா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. வந்தவர் சங்கடத்தோடு முடியாதென்று தலையை ஆட்டிவிட்டு அரிசியை முறத்தில் கொட்டினார். டின்னைக் கவிழ்த்துத் தட்டி, ஒரு நொய்கூட ஒட்டாமல் துடைத்தார். பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு தகர டின்னுக்கா இந்த அழுகை என்று எனக்குச் சிரிப்பு வந்தது. "அடுத்த வருசம் திரும்பி வந்துரும், பெரியம்மா" என்று பெரிய மனுஷிபோல ஆறுதல் வேறு சொன்னேன்.

பெரியம்மா மௌத்தாகி அடக்கம் செய்த பிறகுதான் உம்மா அதைச் சொன்னார். மலேயாவுக்குப் போன அவர்கள் வாப்பாவிடமிருந்து ஒரு தகவலும் வராமல், வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் இருந்தனவாம். பள்ளிக்கூடத்தில் அந்தப் பால்மாவைக் கரைத்து ஊற்றிய பாலைக் குடிக்காமல் தூக்குச்சட்டியில் மறைத்து எடுத்துவந்து, கைக்குழந்தையான உம்மாவுக்குப் புகட்டியவர் பெரியம்மா. நிறைந்து வந்த அந்தப் பாத்திரத்தை நிறைத்துத் திருப்பி அனுப்ப, அவருக்கு வாழ்நாளில் கிடைத்தது அந்த ஒரு நாள்தான். அரிசியோ வாசல் தாண்டவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

முறத்தில் கொட்டிய அரிசியில் அன்று மதியமே உம்மா நெய்ச்சோறு ஆக்கினார். பெருநாளுக்கு முன்பே நெய்ச்சோறு! பெரியம்மா தன் பங்கையும் என் தட்டில் தள்ளிவிட்டு, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பசியில்லை போலும் என்று நினைத்து, எல்லாவற்றையும் நானே சாப்பிட்டு முடித்தேன்.