பின்பக்கமாக ஏறிய கல்யாணக் கார்

மழையில் நனைந்த செம்மண்ணும் சூடேறிய டயரும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும். பதுளை டவுனில் நிற்கும்போது அது மூக்கில் பட்டாலும், கோயில் ஏற்றம் கண்முன் வந்து நிற்கும்.

வாடகைக்கு ஹயர் ஓடும் என்னிடம் இரண்டு கார்கள். ஒன்று மொரிஸ் மைனர். தொண்டையைச் செருமிக்கொண்டு எழும், எழுந்துவிட்டால் மலையே சொந்தம் என்று நடக்கும். மற்றது பிறகு வாங்கிய சின்னக் கார். சத்தமில்லை, பெட்ரோலும் அதிகம் கேட்காது.

தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கும் செல்லம்மாக்காவின் மகளுக்குக் கல்யாணம். மகள் கோயில் வாசலில் காரிலிருந்துதான் இறங்க வேண்டும் என்பது அக்காவின் பிடிவாதம். அவர் கல்யாணத்தில் எந்தக் காரும் மேலே வரவில்லை. கூறைச் சேலையைத் தூக்கிப் பிடித்துச் சேற்றில் நடந்தவர். மொரிஸைத்தான் கேட்டார். பழசைப் பார்த்தால் அப்புத்தளை மாப்பிள்ளை வீட்டார் சிரிப்பார்கள் என்று மகள் புதுசைக் கேட்டாள். மகள் ஜெயித்தாள்.

விடிய விடிய மழை. ஏற்றத்தின் பாதியில் முன் சக்கரங்கள் சேற்றில் சுழன்றன. தோட்டத்து லயக் குடியிருப்பு இளைஞர்கள் ஓடிவந்து டிக்கியில் ஏறிக்கொண்டார்கள். மொரிஸுக்குப் பழகிய வைத்தியம் அது; அதைத் தள்ளுவது பின் சக்கரம், பின்னால் பாரம் வைத்தால் மண்ணைக் கவ்வும். சின்னக் காரோ மூக்கைத் தூக்கிக்கொண்டு இன்னும் வேகமாகச் சுழன்றது.

பெண்ணை இறக்கி நடத்திக் கூட்டிவரும்படி மேலிருந்து ஆள் வந்தது. முகூர்த்தம் நெருங்கியிருந்தது. காரில் மகள் பக்கத்தில் இருந்த அக்கா அவள் கையை விடவில்லை.

"ஒங்க காரு ஏறலன்னா நான் தூக்கிக்கிட்டுப் போறேன் தம்பி. நடக்க விடமாட்டேன்."

டிக்கியில் இருந்தவர்களை இறங்கச் சொன்னேன். இந்தக் காரை இழுப்பது முன் சக்கரம். ஏற்றத்தில் பாரம் கீழ்ப்பக்கம் சாயும். அப்படியென்றால் முன்பக்கம்தான் கீழே இருக்க வேண்டும். வளைவு வரை உருளவிட்டுக் காரைத் திருப்பினேன்.

"அண்ணே, கல்யாணம் மேல. கீழ இல்ல" என்றான் ஒருவன்.

ரிவர்ஸ் போட்டேன். சக்கரம் ஒருமுறை வழுக்கியது, பிறகு மண்ணைப் பிடித்தது. தவில்காரர் வாசிப்பதை விட்டுப் பார்த்துக்கொண்டு நிற்க, பின்பக்கமாகவே கோயில் வாசலில் போய் நின்றேன். மகள் இறங்கினாள், சேலைக் கரையில் ஒரு பொட்டுச் சேறில்லை. இத்தனை வருஷ ஓட்டத்தில் என் நெஞ்சு அப்படி நிமிர்ந்ததில்லை.

எது நல்ல கார் என்று இப்போதும் கேட்கிறார்கள். எந்தக் காலால் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இரண்டும் நல்ல கார்தான்.

சாப்பிட்டுப் புறப்படும்போது அக்கா கார்வரை வந்தார். நான் ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடி ஓரம் குனிந்து, கீழே தெரிந்த மலைகளைக் காட்டினார்.

"இத்தன வருஷமா கொழுந்து சுமந்து ஏறுறேன் தம்பி, காலடியத்தான் பாத்திருக்கேன். ஏறிக்கிட்டே இதெல்லாம் பாத்தது இன்னிக்குத்தான்."