தட்டுக்கணக்கு அக்கா

எங்கள் மாவட்டத்தில் முக்கால்வாசி மலை, கால்வாசி சமவெளி. ஜனங்கள் கணக்கு தலைகீழ்: பத்தில் ஒன்பது பேர் கீழே ஆற்றங்கரையில் நெருக்கியடித்துக்கொண்டு கிடப்பார்கள். மிச்சமிருக்கும் ஒருவரைத் தேடித்தான் அக்கா மலையேறுவார், என்னையும் இழுத்துக்கொண்டு. வரைபடம் போடுகிறவனுக்கு மலையில் என்ன வேலை என்று முணுமுணுத்தால், நீ சுலபமாக வரைகிற கோடு எத்தனை செங்குத்து என்று உன் முட்டிக்கும் தெரியட்டும் என்பார்.

புள்ளிவிவர அலுவலகத்தில் அவருக்குத் தட்டுக்கணக்கு அக்கா என்றுதான் பெயர். மக்கள்தொகைக் கணக்கு எடுக்கப் போனால் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கவே மாட்டார். அப்படிக் கேட்டால், எப்போதோ ஊரைவிட்டுப் போனவன், கட்டிக்கொடுத்த மகள் எல்லோரையும் சேர்த்துச் சொல்வார்கள். "சாப்பிட எத்தனை தட்டு வைக்கிறீங்க?" இதுதான் அவர் கேள்வி. கைக்குழந்தையை மட்டும் தனியாக விசாரித்துக்கொள்வார். முப்பது வருஷத்தில் அந்தக் கணக்கு பிசகியதே இல்லை. கணவரும் போய், பிள்ளைகுட்டியும் இல்லாமல் வாடகை அறையில் இருந்த மனுஷிக்கு அதில் ஒரு பெருமை. இருந்துவிட்டுப் போகட்டுமே.

ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கையில் மலையுச்சி ஊருக்குப் போனோம். ஐம்பது பேர் இருந்தால்தான் அது தனி ஊர். ஒன்று குறைந்தாலும் அடிவாரத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள். வாரந்தோறும் ஏறிவரும் நர்ஸ் அப்புறம் வரமாட்டார். கடைசி வீட்டுப் பெரியவருக்குக் காலில் ஆறாத சர்க்கரைப்புண். அந்த நர்ஸ் கட்டுப் போடுவதால்தான் கால் தப்பியிருந்தது.

அவர் மனைவி மூன்று தட்டு என்றார். கூட்டிப் பார்த்தால் சரியாக ஐம்பது. அப்பாடா என்று நான் எழுந்துவிட்டேன். அக்கா எழவில்லை. மூன்றாவது யார் என்று கேட்டார்.

"பையன். மண்ணு சரிஞ்சதுல போயி ஏழு வருஷமாச்சு. அவனுக்கு ஒரு தட்டு வைக்கலைன்னா எனக்குத் தொண்டையில எறங்காதுங்க."

அவங்க வாயால் சொன்னதுதானே, மூன்று என்றே எழுதுங்கள் என்று அக்கா காதைக் கடித்தேன். அக்கா இரண்டு என்று எழுதினார். நாற்பத்தொன்பது. கீழே வந்து சேரும்வரை அவரை விட்டு நாலடி முன்னாலேயே நடந்தேன். கல்நெஞ்சுக்காரி என்று மனசுக்குள் திட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கணக்குப் பட்டியலை அலுவலக வாசலில் ஒட்டி மூன்று மாதத்துக்குள் புதிதாகக் குடிவந்தவர்களையும் சேர்க்கலாம் என்று ஒரு விதி உண்டு. யாரும் சீண்டாத விதி. கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது என் மேஜைக்கு ஒரு மனு வந்தது: மலையுச்சி ஊர், கடைசி வீடு, ஒரு நபர் கூடுதல். கீழே அக்காவின் கையெழுத்து. ஓய்வு பெற்ற கையோடு அறையைக் காலிசெய்துவிட்டு, ஒரு பெட்டியோடு மேலே போயிருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நேரில் பார்த்துச் சரிபார்க்க வேண்டுமாம். என்னைத்தான் அனுப்பினார்கள். அடிக்கு அடி புலம்பிக்கொண்டு ஏறினேன். அக்கா வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். உள்ளே, கெடு முடியாததால் இன்னும் வந்துகொண்டிருந்த நர்ஸ் பெரியவரின் காலுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். நான் அக்காவிடம் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கார அம்மாவிடம்தான் கேட்டேன்.

"எத்தனை தட்டு வைக்கிறீங்கம்மா?"

"மூணுதான். முன்னல்லாம் ரெண்டைத்தான் கழுவுவேன், தம்பி. இப்ப மூணையும் கழுவ வேண்டியிருக்கு."

ஐம்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.